தத்துப்பூச்சியின் சிறகு விசாரணை

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் சர்க்காருக்குத் தென்காசி ஜனங்களின் மேல் திடீரென்று அக்கறை பொங்கிவிடும். சித்திரையில் கேட்டால் தென்காசி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத இலாகாக்கள்கூட ஆனி பிறந்ததும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும். என்ன விஷயம் என்று விசாரித்தால் அவசர விசாரணை என்பார்கள். காலையில் ஐந்தருவி, மாலையில் பெரிய அருவி, நடுவில் சாப்பாடு போக மிச்ச நேரத்தில் அவசரம்.

அப்படி வந்த இலாகாக்களில் புத்தம் புதிது பயிர்ப்பூச்சி நிர்ணய இலாகா. பூச்சியைக் கொல்வது அதன் வேலையல்ல. அந்த அற்பக் காரியத்துக்கு விவசாயியின் கால் போதும். அகப்பட்ட பூச்சி யார், எந்த ஊர், எப்படி வந்தது என்று நிர்ணயிப்பதுதான் இலாகாவின் வேலை. அதற்கென்று ஒரு விதி இருந்தது. பூச்சியின் சிறகு வால்வரை நீண்டிருந்தால் அது வெளியூரிலிருந்து பறந்து வந்தது. அதற்கு ‘வரத்துப் பூச்சி’ என்று பெயர். வரத்துப் பூச்சி தெய்வச் செயல். சாகுபடிக்காரன்மேல் குற்றமில்லை, மிச்சப் பயிரை அவன் அறுத்துக்கொள்ளலாம், சர்க்கார் விதைநெல்லும் கொடுக்கும். சிறகு பாதி முதுகோடு நின்றுபோயிருந்தால் அது பறந்து வந்திருக்க முடியாது. ஆகவே அது ‘இருப்புப் பூச்சி’. இருப்புப் பூச்சியை வளர்த்தவன் சாகுபடிக்காரனே. பயிர் முழுவதையும் அவன் தன் கையாலேயே கொளுத்திவிட வேண்டும். எது என்று நிர்ணயம் ஆகும்வரை வயலில் அரிவாள் இறங்கக் கூடாது.

இந்த விதியை எழுதியவர் வயலையே பார்த்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. ரயிலில் போகும்போது பார்த்திருப்பார்.

சிவனணைந்தபெருமாளுக்குப் பெயர் இருந்த நீளத்துக்கு நிலம் இல்லை. குத்துக்கல்வலசைக்கு மேற்கே, குளத்துப் பாசனத்தில், ஒரே ஒரு வயல். அந்த வருஷம் கார் நெல் நட்டிருந்தான். பயிர் கதிர் தள்ளி, பால் முற்றிவரும் நேரத்தில், நடுவயலில் வட்டவட்டமாகக் கருகல் கண்டது. தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே அரிசிக் குருணை அளவில் தத்துப்பூச்சி அப்பிக்கொண்டிருந்தது. பாதி வயல் போய்விட்டது. மறுபாதி பச்சையாக நின்றது. அதை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அவனும் பெண்டாட்டி குருவம்மாளும் இரண்டு பெண்பிள்ளைகளும் அடுத்த போகமான பிசானத்தின் அறுப்புவரை கஞ்சி குடிக்கலாம், பிசானத்துக்கு விதையும் மிஞ்சும். அதுவும் போனால் குடிக்கவும் கிடையாது, விதைக்கவும் கிடையாது.

பூச்சி கண்டவர்கள் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று ஊரில் தண்டோரா போட்டிருந்தார்கள். எல்லோரும் காதுகொடுத்துக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பெருமாள் மட்டும் அதை நம்பினான். சர்க்கார் ஒன்று சொன்னால் அதில் நமக்கு ஏதோ நன்மை இருக்கும் என்று நினைக்கிற ஜாதி மனுஷன் அவன். அந்த நினைப்புக்கு மருந்து கிடையாது.

தென்காசியில் இலாகாவின் இன்ஸ்பெக்டர் நம்பிராஜன் இருந்தார். வாசுதேவநல்லூர்க்காரர், வேலைக்குப் புதுசு. பெருமாள் வாசலில் நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னான்: “எசமான், வயல்ல தத்துப்பூச்சி விழுந்து பாதி கருகிப்போச்சு. நல்லாருக்க பாதியை அறுத்துக்கிடலாமான்னு கேக்க வந்தேன்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். மூன்று மெம்பர்கள் கொண்ட பெரிய கமிட்டி குற்றாலம் பங்களாவில் வந்து இறங்கியிருந்தது. ஆனால் விசாரிக்க ஒரு பூச்சியும் கிடைக்கவில்லை. பூச்சி இல்லாவிட்டால் கேம்பைக் கலைக்க வேண்டும். கேம்பைக் கலைத்தால் அருவியை விட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தில்தான் பெருமாள் வந்து நிற்கிறான்.

“உம்மைப் போல பத்துப் பேரு இருந்தா போதும்வே, தேசம் எங்கயோ போயிரும்” என்று இன்ஸ்பெக்டர் அவனுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். பெருமாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கே பூதக்கண்ணாடியோடும் தந்தத்தில் செய்த சின்ன அளவுகோலோடும் இன்ஸ்பெக்டர் வயலுக்கு வந்தார். பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கி ஒரு பூச்சியைப் பிடித்து விரல்நுனியில் வைத்துப் பார்த்தார். வயிறு பெருத்து, சிறகு பாதி முதுகோடு நின்றிருந்தது. “இருப்பு” என்றார். பெருமாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அடுத்ததைப் பிடித்தார். அதற்குச் சிறகு வாலைத் தாண்டியிருந்தது. “வரத்து” என்றார். பெருமாள் எழுந்தான். மூன்றாவது இருப்பு, நான்காவது மறுபடி வரத்து. எல்லாம் ஒரே தூரில் அப்பியிருந்தவை.

“என்னவே இது? ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணுதே!” என்று இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொண்டார். விதியில் இதற்கு இடமில்லை. ஆகவே பூச்சியின்மேல்தான் தப்பு.

வரப்பில் சிவப்புக் கொடி ஊன்றினார்கள். காக்கிச் சட்டையும் கம்புமாக இசக்கியப்பன் என்ற பியூன் காவலுக்கு நின்றான். நிர்ணயம் ஆகும்வரை வயலுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. வயலுக்குச் சொந்தக்காரன், விசாரணைக்கு வேண்டிய பூச்சியைக் காவல்காரன் முன்னிலையில் பிடித்து, தினமும் புட்டியில் போட்டுக் குற்றாலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பெருமாள் புட்டியோடு நடந்தான். பங்களாவுக்குப் போனால் கமிட்டி அருவிக்குப் போயிருக்கும். அருவியிலிருந்து வந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்கும். உடனே சாப்பாடு, சாப்பிட்டதும் கண் அயரும். அவன் மாமரத்தடியில் சாரலில் நனைந்துகொண்டு, புட்டி நனையாமல் துண்டால் மூடிக்கொண்டு நிற்பான். சாயங்காலம் பியூன் ஒருவன் வந்து, “நாளைக்கு வாரும்” என்பான்.

ஒருநாள் உள்ளே கூப்பிட்டார்கள். கமிட்டித் தலைவர் ஒரு ராவ்பகதூர். நல்ல மனுஷர் என்று பார்த்த உடனே தெரியும். அவர் முகத்தில் பசி என்ற ஒன்று எழுதப்பட்டதே இல்லை. மேஜைமேல் ஒரு தட்டு நிறைய மங்குஸ்தான் பழம் இருந்தது. அவர் ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது ஆச்சரியமான ஜந்து” என்று மற்ற மெம்பர்களிடம் சொன்னார். “தீனி தாராளமாக இருக்கிற இடத்தில் இதற்குச் சிறகு வளருவதில்லை. எதற்கு வளர வேண்டும்? உட்கார்ந்த இடத்தில் எல்லாம் வாய்க்கு வருகிறது. அதனால் வயிறு வளர்கிறது. தின்பதும் பெருகுவதும் தவிர இதற்குக் காரியமே கிடையாது. தீனி தீர்ந்துபோகிற சமயத்தில்தான் அடுத்த தலைமுறைக்குச் சிறகு நீள்கிறது. அப்புறம் ஒரு நிமிஷம் தங்காது. தின்ற பயிரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும். எவ்வளவு நன்றி கெட்ட பிறவி, பாருங்கள்!” இப்படிச் சொல்லிவிட்டு, சமையற்காரனைக் கூப்பிட்டு ராத்திரிக்குப் பலாப்பழப் பாயசம் உண்டா என்று கேட்டார்.

பெருமாளுக்கு அதில் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியே அவனுக்குத் தைரியம் கொடுத்தது. “சாமி, அப்ப ரெண்டும் ஒரே பூச்சிதானா? அப்படின்னா நான் அறுத்துக்கிடலாமா?”

ராவ்பகதூர் அவனைக் கோபிக்கவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: “நான் சொன்னது சயன்ஸ். நீ கேட்கிறது ரூல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.”

அதற்கு மேல் அளப்பதில் ஒரு சங்கடம் வந்தது. சாரல் ஈரத்தில் சிறகு உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டிய சிறகை அளந்தால் கணக்கு தப்பும். சிறகு காய வேண்டும். காய வெயில் வேண்டும். வெயிலுக்குச் சாரல் நிற்க வேண்டும். சாரல் நிற்கும்வரை கேம்பை நீட்டித்து உத்தரவு போட்டார்கள். வெயில் காயும் தென்காசியில் வைத்து அளக்கலாமே என்று நம்பிராஜன் மெல்லச் சொல்லிப் பார்த்தார். மூன்று மெம்பர்களும் அவரைப் பார்த்த பார்வையில், உத்தியோகத்தில் அவர் எவ்வளவு தூரம் போவார் என்பது அன்றைக்கே நிர்ணயமாகிவிட்டது.

சாரல் நின்றபாடில்லை. ஊரே அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. பெருமாள் ஒருத்தன்தான் வாயைத் திறந்து வானத்தைத் திட்டிக்கொண்டு நடந்தான். வயலில் பச்சை தினமும் சுருங்கியது. நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்றைக்கு வைக்கோலாக நிற்கும். வரப்பில் நின்று பார்க்கலாம், தொடக் கூடாது. தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் ஒருத்தனை உள்ளே விடாமல் வாசலில் நிற்க வைத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது அவனுக்கு.

பக்கத்து வயல் யாக்கூப் அண்ணாச்சியுடையது. தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சிவப்புக் கொடியைப் பார்த்த மறுநாளே ஆளை விட்டுத் தன் பயிரை அரைப்பழுப்பில் அறுத்துக் களத்தில் போட்டுவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பெருமாளின் தோளில் கை வைத்துச் சொன்னார்: “பெருமாளு, நீரு போயிச் சொன்னதுதான்வே தப்பு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. என் ஆளு நாலு பேரைத் தாரேன். கொடியைச் சர்க்கார் வச்சுக்கிடட்டும், கதிரை நீரு அறுத்துக்கிடும்.”

பெருமாள் இசக்கியப்பனைப் பார்த்தான். இசக்கியப்பன் கம்பை ஊன்றிக்கொண்டு எங்கோ பார்த்தான். “நீரு அறுத்தா நான் தடுக்க மாட்டேன்வே. எனக்கும் வயிறு இருக்கு, அது புரியும். ஆனா நாளைக்கு இந்த வேலை எனக்கு இருக்காது. வீட்டுல அவ மாசமா இருக்கா. பாத்துக்கிடும்.”

பெருமாள் அறுக்கவில்லை. அதற்காக அவனைப் பெரிய தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவரில் தலையை மோதிக்கொண்டான்.

இதற்குள் கமிட்டிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஆரம்பத்தில் அவன் கொண்டுவந்த புட்டிகளில் சிறகு குறைந்தவையே அதிகம். இப்போது வருகிற புட்டிகளில் சிறகு நீண்டவையே அதிகம். தீனி தீர்ந்தால் சிறகு நீளும் என்று ராவ்பகதூர் அன்றைக்குத் திருவாய் மலர்ந்தது சயன்ஸ். அது அன்றோடு முடிந்தது. இரண்டாவது மெம்பர் விதிப்படி யோசித்தார். விதியின் சூட்சுமம் தெரிந்துகொண்ட இந்த ஆள், இருப்புப் பூச்சிக்குச் சிறகு ஒட்டி வரத்துப் பூச்சியாக மாற்றுகிறான். இவன் விரல் தடிமன். ஆகவே ஒட்டுவது பெண்டாட்டி.

குருவம்மாளை வரவழைத்தார்கள். அவள் பங்களா வராந்தாவில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“உங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்சுவது உண்டா?” என்று மெம்பர் கேட்டார்.

“நெல்லு இருந்தா காய்ச்சுவோம் சாமி.”

“காய்ச்சிய கஞ்சியை என்ன செய்வீர்கள்?”

குருவம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. புருஷனைப் பார்த்தாள். “கஞ்சியால பூச்சிக்குச் சிறகு ஒட்டுதோமாம்” என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். “கஞ்சியை என்ன செய்வாவ? குடிப்போம். பூச்சிக்கு ஒட்டுத அளவுக்கு மிச்சம் இருந்தா எம் புள்ளைக என்னத்துக்குச் சாமி அழுவுது?”

குமாஸ்தா எழுதினார்: ‘வீட்டில் கஞ்சி காய்ச்சுவதைச் சாட்சி ஒப்புக்கொண்டாள்.’

இருந்தாலும் கமிட்டி இரக்கமுள்ள கமிட்டி. குருவம்மாளின் விரல்களையும் அளவுகோலால் அளந்து, அவளும் களை பறித்துப் பறித்துத் தடித்த விரல்காரி என்று கண்டு, சந்தேகத்தின் பலனை அவளுக்குக் கொடுத்து, எச்சரிக்கையோடு அனுப்பியது. இனிமேல் பெருமாள் பூச்சியைத் தொடக் கூடாது. இசக்கியப்பனே பிடித்து அனுப்புவான். திரும்பி வரும் வழியில், வீடு நெருங்கும்போது குருவம்மாள், “இந்தக் கையைப் பிடிச்சு ஒருத்தன் அளந்தான், நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க” என்றாள். பெருமாளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஆவணி கடைசியில் ஒரு சாயங்காலம் வயலிலிருந்து பூச்சி கிளம்பியது. தூர்களிலிருந்து ஏறி, தாள் நுனியில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு கும்பல் கும்பலாக எழும்பிக் குளக்கரைக்கு மேலே கிழக்கே போயிற்று. எல்லாவற்றுக்கும் நல்ல நீளச் சிறகு. இசக்கியப்பன் கம்பைத் தூக்கி, “ஏய், நில்லு!” என்று ஒரு சத்தம் போட்டான். காவல் என்று சம்பளம் வாங்குகிறவன் அதையாவது செய்ய வேண்டாமா? பெருமாள் வரப்பில் குந்தியிருந்து பார்த்தான். வயல் முழுக்க வைக்கோல் நிறம். மடையை ஒட்டி ஒரு துண்டு மட்டும் பச்சை விட்டுப் பழுத்து, கதிர் தொங்கி நின்றது. அந்தத் துண்டை எப்படியோ பூச்சி விட்டுவைத்திருந்தது. அதை அறுத்தால் விதைக்காவது தேறும்.

அந்த வாரமே சாரலும் நின்றது. அருவி மெலிந்து பாறை தெரிந்தது. பங்களாவில் எண்ணெய் தேய்க்கிறவனைக் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். மங்குஸ்தான் வரத்தும் முடிந்துவிட்டது. கமிட்டிக்கு ஊர் ஞாபகம் வந்தது.

வெயில் வந்துவிட்டது, இனி அளந்துவிடுவார்கள் என்று பெருமாள் ஓடினான். ஆனால் அளப்பதற்குப் பூச்சி எங்கே? எல்லாம் பறந்துவிட்டன. பறந்துபோனதே அவை வரத்து என்பதற்குச் சாட்சியில்லையா என்று நம்பிராஜன் கேட்டார். பறந்துபோனது பறக்கத் தெரியும் என்பதற்குத்தான் சாட்சி, பறந்து வந்தது என்பதற்குச் சாட்சியாகாது என்று மூன்றாவது மெம்பர் முதன்முதலாக வாயைத் திறந்தார். புட்டிகளில் இருந்தவை ஈரத்தில் அழுகிப்போயிருந்தன. கையிலிருந்த ஒரே ருசு, இன்ஸ்பெக்டர் முதன்முதலில் பிடித்துக் குறித்துவைத்த பூச்சி. அதன் சிறகு குறைந்தது. ‘முதலில் அகப்படுவதே வயலின் பிரதிநிதி’ என்று முடிவு கட்டி, வயல் இருப்பு என்று தீர்ப்பெழுதினார்கள்.

கொளுத்தும் காட்சிக்குக் கமிட்டியே வந்திருந்தது. ஊருக்குப் போகிற வழிதான். மோட்டாரில் பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியிருந்தது. ஊர்ஜனம் குளக்கரையில் நின்று பார்த்தது. ராவ்பகதூர் வரப்பில் நின்று பேசினார்: “இந்த ஊர் விவசாயி தானாக முன்வந்து பூச்சியை அறிவித்தான். ஒருநாள்கூட உத்தரவை மீறவில்லை. இப்போது தன் கையாலேயே தீ வைக்கப் போகிறான். இப்படிப்பட்ட ஒத்துழைப்பு எனக்கு வேறு எந்த ஜில்லாவிலும் கிடைத்ததில்லை.” ஒருவரும் கைதட்டவில்லை. அவரே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

பந்தத்தை இசக்கியப்பன் பெருமாளின் கையில் கொடுத்தான். பெருமாள் மடைப்பக்கத்துக் கதிரைப் பார்த்தான், பந்தத்தைப் பார்த்தான். “எசமான், பூச்சிதான் போயிட்டே. இப்ப யாரைக் கொளுத்துதோம்?”

“விதி பயிரைக் கொளுத்தச் சொல்கிறது” என்றார் ராவ்பகதூர் பொறுமையாக. “பூச்சி இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை.”

காய்ந்த பக்கம் பற்றிக்கொண்டு படபடவென்று எரிந்தது. மடையோரத் துண்டுக்குத் தீ ஏறவில்லை. தாளில் இன்னும் ஈரம் இருந்தது. மோட்டாரிலிருந்து மண்ணெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பெருமாள் மறுபடி பந்தத்தை வைத்தான். நெல் பொரிகிற வாசனை கிளம்பியதும் குளக்கரையில் நின்ற அவன் சின்ன மகள், “அம்மா, பொரி!” என்று கத்தினாள். குருவம்மாள் அவள் வாயைப் பொத்திவிட்டு, தீ தணிவதற்கு முன்னாலேயே இறங்கி, கருகாத கதிரைச் சூட்டோடு சூடாக மடியில் பறித்துப் போட்டாள்.

“அதைத் தொடக் கூடாது, அம்மா” என்றார் ராவ்பகதூர். “சாம்பல் அப்படியே கிடக்க வேண்டும். ஏர் இறங்கக் கூடாது. அழித்தது சரியாக அழிந்ததா என்று கமிட்டி வந்து பார்க்கும்.”

“எப்ப சாமி வருவீங்க?” என்றான் பெருமாள்.

“அடுத்த சாரலுக்கு.”

அப்படியானால் பிசானமும் இல்லை என்பது பெருமாளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. குருவம்மாளுக்கு உடனே விளங்கியது. “ஆத்தாடி!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். “அதுவரைக்கும் நாங்க என்னத்தத் திங்க? புளியறை தாண்டி மலைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருதோம் சாமி. எங்களை விட்டிருங்க.”

ராவ்பகதூர் உண்மையாகவே பதறிவிட்டார். “போகவாவது! அப்படியெல்லாம் போய்விடக் கூடாது. அடுத்த விசாரணைக்கு நீங்கள்தானே சாட்சி? நம்பிராஜன், இவர்கள் ஊரை விட்டு நகரமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.”

மோட்டார் புழுதி கிளப்பிக்கொண்டு கிழக்கே போயிற்று. நம்பிராஜன் மோட்டார் போன திசையைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டு எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டாமல் கைரேகைக்கு நீட்டினார். குமாஸ்தா மைக்கூட்டைத் தேடினார். அது கமிட்டியின் பெட்டியோடு போய்விட்டிருந்தது. பெருமாள் தன் பெருவிரலைப் பார்த்தான். பந்தம் பிடித்த கை, கரியேறிக் கிடந்தது. அதுவே போதும் என்று குமாஸ்தா சொன்னார். அவன் அழுத்தி வைத்தான்.